கேட்கத் தெரியாத பிள்ளை

திருமணத்துக்கு முன்பு மூன்று வருடங்கள் நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் அறை எடுத்து இருந்தேன். கீழே வீட்டுக்கார அன்ரி. மேலே நாங்கள் மூன்று பேர்: பம்பலப்பிட்டியில் அலுவலகம் போய்வந்த நான், வங்கியில் வேலை செய்த ஒரு பெண், கடைசியாக வந்து சேர்ந்த வவுனியாப் பிள்ளை. அவளுக்குப் பத்தொன்பது வயது. கொம்பியூட்டர் கோர்ஸ் படிக்க வந்தவள். மெலிந்த உடம்பு, காலடி கேட்காத நடை.

அவள் வந்த பிறகுதான் பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின. பெரிதாக ஒன்றுமில்லை. தலைக்குப் போடும் கிளிப், பாதி முடிந்த சென்ட் போத்தல், என்னுடைய நகப்பூச்சு. முதலில் ஒருவரையொருவர் மறதிக்காரி என்று கேலி செய்துகொண்டோம். ஒருநாள் அவளுடைய பை கட்டிலிலிருந்து விழுந்து திறந்தபோது, வங்கிப் பெண் ஒரு கிழமையாகத் தேடிய நீலச் சால்வை உள்ளே மடித்தபடி கிடந்தது. மற்றவையும் இருந்தன. ஒன்றையும் அவள் பாவித்திருக்கவில்லை.

அவள் மறுக்கவில்லை, அழவுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாத முடிவோடு வேறு இடம் பார்க்கும்படி அன்ரி சொல்லிவிட்டார். வங்கிப் பெண் அவளோடு கதைப்பதை நிறுத்தினாள். நான் கதைத்தேன், ஆனால் அலுமாரியைப் பூட்டி, குளிக்கப் போகும்போதும் சாவியைக் கையோடு கொண்டுபோனேன். அவள் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். பெரிய மனசோடு நான் எதையும் தொடங்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, வயிற்றின் வலது பக்கத்தில் பிடித்த வலி என்னை நிலத்தில் இருத்திவிட்டது. வங்கிப் பெண் அதற்குள் வேலைக்குப் போய்விட்டாள். அன்ரி மகளைப் பார்க்க நுகேகொடைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவள் மட்டும். என்னைத் தோளில் சாய்த்துப் படியிறக்கி, ஓட்டோ பிடித்து, களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வலியில் என் சிங்களம் எங்கேயோ ஓடிவிட்டது. எல்லாரோடும் கதைத்ததும், படிவங்களை நிரப்பியதும் அவள்தான்.

அப்பென்டிக்ஸ், உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். தாதி வந்து என் கழுத்தையும் காதையும் காட்டி, "ஒக்கோம கலவன்ன" என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். அம்மா போட்டுவிட்ட சங்கிலி, ஒரு சோடி தோடு, இரண்டு காப்பு. தோட்டின் சுரையைத் திருக என் விரல்களுக்குப் பலமில்லை. அவளே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் கையை மூடிக்கொண்டேன். அதை அவள் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் யோசிக்கிறது விளங்குது. நேர்ஸிட்டைச் சொல்லிப் பத்திரமா வைப்பிப்பமே?"

கோபமோ மனத்தாங்கலோ அந்தக் குரலில் இல்லை. அதுதான் என்னைக் கூசவைத்தது. "இல்லை, நீயே வைச்சிரு," என்று நகைகளைக் கொடுத்தேன். மாற்றுடுப்பு எடுத்துவர அலுமாரிச் சாவியையும் கொடுத்தேன். நம்பிக் கொடுத்தேனா, வேறு வழியில்லாமல் கொடுத்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சங்கிலி தொலைந்தால் அம்மாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

நன்றாகக் கண் விழித்தபோது பின்னேரமாகிவிட்டது. நோயாளரைப் பார்க்க விடும் நேரம். அவள் கட்டிலருகே ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். நகைகளைக் கைலேஞ்சியில் முடிந்து, சட்டைக்கு உட்பக்கம் ஊசி குத்தி வைத்திருந்தாளாம். பஸ்ஸில் யாராவது இடித்தால் என்ன செய்வது என்று வீட்டுக்கும் போகாமல், வெளியே கிடந்த மர வாங்கிலேயே இருந்திருக்கிறாள்.

"விழுந்திடுமோ எண்ட பயத்தில பாத்ரூமுக்கும் போகேல்லை அக்கா. கொஞ்சம் பிடியுங்கோ, ஓடிப்போட்டு வாறன்."

சிரிக்கச் சிரிக்கத் தையல் இழுத்தது. அவள் திரும்பி வந்ததும் முடிச்சை மறுபடி அவளிடமே கொடுத்தேன். அந்த முறை என் கை தயங்கவில்லை. மாற்றுடுப்பு எடுக்க அவள் மறுநாள்தான் வீட்டுக்குப் போய்வந்தாள்.

ஆனாலும் வீடு திரும்பிய அன்று, அவள் எனக்குச் சுடுதண்ணீர் எடுக்கக் கீழே போன நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. நான் சுருட்டி வைத்த சட்டைகள்கூட மடிக்கப்பட்டிருந்தன. அப்படிப் பார்த்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அதற்குப் பிறகு அந்த அலுமாரியை நான் பூட்டவில்லை.

நான் படுத்திருந்த அந்தக் கிழமை முழுக்க அவள்தான் எனக்குக் கஞ்சி காய்ச்சினாள். அப்போதுதான் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாமல், பெரியம்மா வீடு, மாமி வீடு என்று மாறிமாறி வளர்ந்தவள்.

"ஒரு சாமான் கேட்டால் இல்லையெண்டுவினம். பிறகு ஒரு கிழமைக்கு அதைச் சொல்லிச் சிரிப்பினம். எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை அக்கா."

அவள் இங்கேயே இருக்கட்டும் என்று அன்ரியிடம் கேட்டேன். என்னுடைய பொறுப்பு என்றால் சரி என்றார், முகத்தைச் சுழித்துக்கொண்டு.

அன்றோடு அவள் மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். இரண்டு மாதம் கழித்து, நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் வங்கிப் பெண்ணின் முத்து வைத்த கிளிப்.

"இண்டைக்கு எடுத்திட்டன். வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு."

நீயே கொண்டுபோய்க் கொடு என்றேன். தனியே போகப் பயம் என்றாள். அடுப்பை நிறுத்திவிட்டு அவளோடு போய் நின்றேன். அவளே சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. வங்கிப் பெண் கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வேணுமெண்டால் என்னட்டைக் கேள். கேட்டுப்போட்டுப் போடு," என்றாள். பிறகு அந்தக் கிளிப்பை அவளுடைய தலையிலேயே குத்திவிட்டாள்.

அந்த நேரம்தான் பிள்ளை அழுதாள். அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் காணாமல் போகவில்லை. பதிலாக வேறொரு தொல்லை வந்தது. எதைக் கண்டாலும் கேட்பாள். அக்கா இந்தச் செருப்பைப் போடட்டோ, இந்தக் குடையைக் கொண்டுபோகட்டோ, இந்த அப்பளத்தைத் தின்னட்டோ. சில நாட்களில் கேட்காமலே எடடி என்று வங்கிப் பெண் கத்துவாள். அவள் சிரித்துக்கொண்டு மறுபடி கேட்பாள்.

இப்போது அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறாள். போன மாதம், தான் கட்டப்போகிற பையனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம். தேத்தண்ணீர் ஊற்ற அவள் உள்ளே போனபோது அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரிக் கதையும் சால்வைக் கதையும் தனக்குத் தெரியும் என்றான்.

"பழகத் தொடங்கின முதல் கிழமையே சொல்லிப்போட்டா அக்கா. நான் ஒண்டும் கேக்கேல்லை."

அவள் உள்ளேயிருந்து, சீனி எத்தனை கரண்டி என்று அவனைக் கேட்டாள். நான் அவனுக்கு இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.