சுடுகாட்டு மல்லியில் வந்த உத்தரவு

என் தங்கை பொன்னியின் காலில் அந்தச் சிவப்புப் புள்ளிகளை முதலில் பார்த்தவள் நான்தான். ஆடி மாதம். பருத்திப்பட்டு ஏரியின் மேல் மேகம் இறங்கி, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்த ஒரு காலை. கெண்டைக்காலில் பொடிப்பொடியாக, யாரோ குங்குமத்தை ஊதிவிட்டது போல இருந்தன. உடம்பு கொதித்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது.

"ஆத்தா வந்துட்டா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்படியில் தாளிக்கும் சத்தம் நின்றது. பொன்னியை வெள்ளைத் துணியில் படுக்க வைத்தோம். எங்கள் தெருவில் அம்மை கண்ட வீட்டில் மருந்து கிடையாது. மாரியம்மன் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைக்கு ஊசி போட்டால், அவளை அவமானப்படுத்தி வெளியே அனுப்பியது போல. மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை பிள்ளை வாசற்படி தாண்டக்கூடாது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அம்மனை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவளை நம்பும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நைனா சிறு வயதில் பிறர் நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்தவர். பிறகு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் கலாசியாக, சுமை தூக்கும் வேலை கிடைத்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த வருஷம் பட்டணத்துக் கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்திருந்தேன். ஆவடி ஸ்டேஷனுக்கு நடக்கும்போது புத்தகத்தைப் பைக்குள் வைக்கமாட்டேன். பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி மார்போடு அணைத்துக்கொண்டுதான் போவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பொன்னிக்கு விசிறிக்கொண்டே வேப்பிலை வாசனையில் கிடந்த அந்த நாட்கள் ஒன்றோடொன்று கரைந்துபோயின. பகலா மாலையா என்று தெரியாது. ஏரிக்காற்று வரும், போகும். அவள் கண் திறந்து என்னைப் பார்ப்பாள், வேறு யாரையோ பார்ப்பது போலச் சிரிப்பாள், மறுபடி மூழ்கிவிடுவாள்.

ஆனால் அந்தப் புள்ளிகள் எழும்பவே இல்லை. அம்மை என்றால் முத்துமுத்தாகக் கோக்கும். இவற்றை விரலால் தடவினால் தோல் வழவழவென்று இருந்தது. காலில் அடிபடாமலே நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. ஒரு நாள் தலையணையில் ரத்தம். ஈறிலிருந்து வந்திருந்தது.

"ம்மா, இது அம்மை இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்."

"நாலு எழுத்து பட்ச்சிட்டா ஆத்தாளுக்கே வழி காட்டுவியாடி நீ? அவ வந்து குந்திகினு கீறா. ஊசி கீசின்னு சொன்னே, நாக்க இழுத்து வச்சி அறுத்துடுவேன்."

"ரெண்டு பேரும் சும்மா கீறீங்களா? புள்ள தூங்குது" என்றார் நைனா. அவர் குரல் உடைந்திருந்தது.

நான் பின்பக்கம் போய் அம்மன் கோயில் இருக்கும் திசை பார்த்து நின்றேன். மழைத் தூறல். எனக்குப் பெரிய மந்திரங்கள் தெரியாது. இப்படித்தான் கேட்டேன்: "தாயே, நீ வந்திருந்தால் இறங்கிப் போ. நீ வரவில்லை என்றால், அதை நீயே என் அம்மாவுக்குச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள்."

மறுநாள் அம்மாவே எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "பூ கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

எங்கள் கோயிலில் பூ கேட்பது இப்படி. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் பூசாரி போடுவார். வெள்ளை வந்தால் கேட்ட காரியத்துக்கு உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. நைனா பொன்னியைத் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே கொண்டுபோகக்கூடாத பிள்ளை அம்மனிடம் மட்டும் போகலாம். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா" என்று அம்மா வாய்விட்டுக் கேட்டாள். பொன்னி கண்ணை மூடியபடியே கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். உள்ளே ஐந்து இதழோடு வெள்ளைப் பூ. நடுவில் குண்டூசித் தலை அளவு சிவப்பு.

அம்மா அலறிவிட்டாள். "அய்யோ, சுடுகாட்டு மல்லிடீ!"

ஏரிக்கரையில் பிணம் எரிக்கும் இடத்தைச் சுற்றித் தானாக மண்டிக் கிடக்கும் பூ அது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதைத் தலையில் வைப்பதில்லை. சிறுபிள்ளைகள் பறித்து வந்தால் கையைத் தட்டிவிடுவார்கள்.

பூசாரியின் முகமும் மாறிவிட்டது. "மழைல நந்தியாவட்டை எல்லாம் அழுகிப் போச்சி. வெள்ளப் பூ எதுனா கொண்டாடின்னு பூக்காரி கைல சொன்னேன். இத்தப் பறிச்சினு வந்து மடிச்சி வச்சிருக்கா பாவி." பிறகு அம்மாவைப் பார்த்து, "வெள்ளதானே வந்துச்சி? உத்தரவுன்னா உத்தரவு. கெளம்பும்மா" என்றார்.

"போன்னு சொல்லிட்டா. எங்க போவப் போறான்னும் சொல்லிட்டா" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அந்தப் பூவை மட்டும் எறியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ரயிலில் பொன்னி என் மடியில் படுத்திருந்தாள். அம்பத்தூர் தாண்டும்போது வெளியே எல்லாம் சாம்பல் நிறமாக ஓடியது. நான் தினமும் பரீட்சைக் கனவோடு போகும் அதே பாதை. அன்று அது வேறு ஏதோ உலகத்துக்குப் போவது போல இருந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எலும்புக்குள் ஊசி இறக்கி மஜ்ஜையும் எடுத்தார்கள். குழந்தைகள் வார்டு டாக்டரம்மா, நரை விழுந்த ஒல்லியான பெண்மணி, எங்களை உட்கார வைத்துப் பேசினார். பாதி ஆங்கிலம். நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். ரத்தப் புற்றுநோய். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்ததும் படித்ததற்காக முதல் முறை வருந்தினேன்.

"முன்னெல்லாம் இது வந்தா சில மாசம்தான்" என்றார் டாக்டரம்மா. "இப்ப பல நாட்டுல டாக்டர்கள் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. ஒரே மருந்தைக் கொடுத்தா நோய் திரும்பிடுது. ரெண்டு மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா சில பிள்ளைங்க பிழைச்சிக்கிறாங்க. ரொம்ப நாள் வரணும். பிழைப்பான்னு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். இந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு பார்த்து எழுதி வைப்போம். அடுத்த பிள்ளைக்கு அது உதவும்."

அம்மா நிமிர்ந்தாள். "எம் பொண்ண வச்சி பாடம் பட்ச்சிக்கப் போறீங்களா? வேணாந் தாயி. போறதுன்னா ஊட்லயே போவட்டும். ஆத்தா காலடில போவட்டும்." எழுந்து பொன்னியை வாரிக்கொண்டாள்.

நைனாவும் எழுந்தார். அம்மா சொன்னால் அவருக்கு அதுதான் முடிவு. கதவைத் தாண்டினால் பொன்னி இல்லை. எனக்கு அது தெரியும். நான் உள்ளுக்குள் கத்தினேன்: தாயே, உத்தரவு கொடுத்தாயே, இதற்குத்தானா?

அம்மா பிள்ளையைத் தோளுக்கு மாற்றியபோது முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. வாடிய பூ மேஜைமேல் விழுந்தது.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். எடுத்தார். "இதை எதுக்கும்மா கொண்டு வந்தீங்க? யார் சொன்னாங்க?"

"ஆத்தா குட்த்தா. சுடுகாட்டுப் பூவு."

டாக்டரம்மா பூவை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பொன்னிக்கு வாராவாரம் நரம்புல போடணும்னு சொன்னேனே ஊசி, அந்த மருந்தை இந்தச் செடியிலேர்ந்துதாம்மா எடுக்கறாங்க" என்றார்.

எனக்கு மொழிபெயர்க்க வேலையே இல்லை. அவர் நல்ல தமிழில்தான் சொன்னார். ஆனாலும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெய்யாலுமாடி?"

"மெய்தாம்மா."

ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி மதிலோரமாக அந்தச் செடியே முளைத்து நின்றது. மழையில் நனைந்து, ஆடிக்கொண்டு. நாங்கள் உள்ளே வரும்போது அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். அறை முழுவதும் ஏதோ தண்ணீருக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. அம்மா மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப இத்த நானே அரைச்சிக் குட்த்துட்டா ஆவாதா?"

"ஐயோ, விஷம்மா! உயிரே போயிடும்" என்று டாக்டரம்மா பதறினார். "கூடை கூடையா இலை சேர்த்துச் சுத்தம் பண்ணினா ஒரு துளி கிடைக்கும். அளவு தப்பக்கூடாது. அதை எங்ககிட்ட விட்டுடுங்க."

"சரி, வுட்டுட்டேன்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு ஒரு முறைகூட அவள் அந்த வார்த்தையிலிருந்து பின்வாங்கவில்லை.

எளிதாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். மாத்திரைகளால் பொன்னியின் முகம் பூரண நிலாவாக உப்பியது. எந்நேரமும் பசி, "இன்னா கீது துன்றதுக்கு?" என்றுதான் கண் விழிப்பாள். நடக்கும்போது கால் தளர்ந்தது. முதுகுத்தண்டில் ஊசி போடும் நாளில் நைனா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். பக்கத்துக் கட்டிலில் வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், பொன்னியோடு வளையல் மாற்றிக்கொண்டவள், ஒரு காலையில் இல்லை. அவளுடைய அம்மாவும் வேண்டிக்கொண்டவள்தான். ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்காக இன்றும் ஒரு விளக்கு வைக்கிறேன்.

முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியபோது வார்டில் பெண்கள் அழுதார்கள். அம்மா அழவில்லை. உதிர்ந்த முடியை மஞ்சள் துணியில் சேர்த்தாள். "ஆத்தாளே வந்து மொட்ட போட்டுகினு போறா. நமக்கு நாவிதர் செலவு மிச்சம்" என்றாள். பொன்னி தன் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்மை நாட்களில் பார்த்த தூரத்துச் சிரிப்பு இல்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா மஜ்ஜைப் பரிசோதனை முடிவோடு வந்து, கெட்ட அணுக்கள் கண்ணில் படவில்லை என்றார். அப்போதும் மருந்தை நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் போனோம். நிறுத்திய பிறகும் பயந்துகொண்டே இருந்தோம். நோய் இதுவரை திரும்பவில்லை.

நான் படித்து முடித்து இப்போது முகப்பேர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அந்த வார்டுக்குப் போகிறேன். டாக்டர்கள் சொல்வதை நம் பேச்சில் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். முன்பு புத்தகத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு நடந்தேன். அந்தப் படிப்பு எதற்கு என்று அந்தக் கட்டில்களுக்கு நடுவில்தான் அம்மன் எனக்குக் காட்டினாள்.

அவளிடம் பிள்ளைக்காகக் கைகூப்பி நிற்கிறவர்களே, கேளுங்கள். அழுது கேளுங்கள். ஆனால் அவள் பதில் எந்த உருவத்தில் வரும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது ஊசியாக வரலாம், நரைத்த தலை டாக்டராக வரலாம். உத்தரவு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். தாமதிக்காதீர்கள்.

பொன்னி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். முடி இடுப்புவரை வளர்ந்துவிட்டது. காலையில் அம்மா இரட்டைப் பின்னல் போட்டு, ஏரிக்கரையிலிருந்து பறித்து வந்த சுடுகாட்டு மல்லியைப் பின்னலில் சொருகி அனுப்புகிறாள். தெருவில் யாரும் தட்டிவிடுவதில்லை.