பிங் நன்றாகத்தான் இருக்கிறது

இன்டர்நெட் புகார் பார்க்கப் போகிறவனை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. வீடியோ காலில் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தித் தொண்டை கட்டிய உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வாசல் வரை

வலியசாலையில் லலிதா என்று ஒரு அம்மாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பவர். அங்கே டாக்டர் இங்கிலீஷில் கேட்பார், தமிழ் நோயாளி முழிப்பார், நடுவில் லைனில் இவர். கணவர் படுத்த படுக்கை. அந்த வேலையில்தான் குடும்பம் ஓடியது. குரல் தாமதமாகப் போகிறது, இப்படியே போனால் வேலை போய்விடும் என்று புகார்.

ஒரு துளி தகவலை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைப் பார்ப்பதுதான் பிங். வழக்கம்போல எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே பிங் போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் திரும்பி வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"நான் உங்க ஆபீஸோடயா பேசறேன்?" என்றார்.

எதிர்முனை வரை

அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் திரும்பவும் அவர் வீட்டுக்குப் போய், அந்த ஆஸ்பத்திரியின் சர்வருக்கே பிங் போட்டேன். பதிலே இல்லை; பாதுகாப்புக்காகப் பல இடங்களில் பிங்குக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு அதே சர்வரோடு இணைப்பு கேட்டு, அது சம்மதம் சொல்ல ஆகும் நேரத்தை அளந்தேன். முதல் நாள் வந்ததைவிடப் பல மடங்கு.

லலிதாவின் முறை இன்னும் சுலபம். அவர் "ஒண்ணு" என்பார். காதில் விழுந்ததும் எதிர்முனையில், அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தோழி "ரெண்டு" சொல்ல வேண்டும். நடுவே கிடந்த மௌனத்தை நானும் கேட்டேன்.

எங்கள் லைன் எங்கோ ஊர் சுற்றிப் போகிறது, வழியை மாற்ற வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றேன். நாகர்கோவில்காரர், நிதானமானவர்.

"நம்ம வாசல் வரைக்கும் பிங் நல்லாத்தானடே இருக்கு? கம்ப்ளெயின்ட க்ளோஸ் பண்ணு" என்றார்.

திரும்ப எடுத்த நாள்

பிறகு ஒரு நாள், டாக்டரின் ஒரு கேள்விக்கு லலிதா சொன்ன "ஆமாம்" அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் விழுந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. லலிதாவின் வேலை போயிற்று, இணைப்பும் வேண்டாமென்றார். இன்டர்நெட் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கழற்றுமுன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கேட்டுத் தொலைத்தேன்: இப்போது தாமதம் ஏதாவது இருக்கிறதா?

"தாமதமே கிடையாது, கேட்டேளா. பேசறதுக்கு அந்தப் பக்கம் ஆள் வேண்டாமோ?" என்றார்.

எத்தனை விதமாக அளந்து காட்டினாலும், நல்ல எண் வருகிற விதத்தைத்தான் எங்கள் ஆபீஸ் நம்பும்.