எங்கள் வீட்டுக் கோணல் சுவர்

கோலா கங்சாருக்கு அந்தப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு செங்கல் சூளை இருக்கிறது. தாத்தா தொடங்கியது. எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, கேட்பாரற்றுக் கிடந்த கட்டைகளை அள்ளிவந்து அவர் மூட்டிய நெருப்பு. இப்போது அப்பா பார்த்துக்கொள்கிறார். புகை மட்டும் அன்றும் இன்றும் அம்மாவின் துணிக்கொடியைத் தேடித்தான் வருகிறது.

தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். கோணல் கல் வாசலைத் தாண்டக் கூடாது, சூளையின் பேர் கெட்டுவிடுமாம். அதனால் அதிகம் வெந்து முறுக்கிக்கொண்ட கல்லெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவராயிற்று. ஊருக்கெல்லாம் நேரான சுவர் கொடுத்த குடும்பம், மசாலா டப்பா உருளாமல் இருக்க அலமாரிப் பலகைக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி வாழ்ந்தது.

கல்யாணமாகி வந்த நாள்முதல் அம்மா கேட்டது ஒரு நேரான சுவர். நகைகூடக் கேட்டதில்லை. அப்பா, அடுத்த சூளையில் பார்க்கலாம் என்பார். அடுத்த சூளையின் நல்ல கல் லாரி ஏறிப் போய்விடும். எனக்கே எரிச்சலாக வரும்.

போன வருஷம் ஈப்போவில் காப்பிக் கடை திறக்கவிருந்த ஒரு சீன இளைஞர் கல் வாங்க வந்தார். முதல் தரக் கல்லை அப்பா தட்டித் தட்டிக் காட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குள் வந்தவர் சுவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கடைக்கு இதுதான் வேண்டும், பெயர்த்துத் தர முடியுமா என்று மலாயில் கேட்டார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தாத்தாவின் சட்டத்தை எடுத்துச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"கோணல் வாசலத் தாண்டட்டும். அந்த எடத்துல முதல் தரம் உள்ள வரட்டும். இல்லன்னா நாளையிலருந்து நீங்களே சமைங்க."

அப்பாவுக்குச் சுடுதண்ணீர் வைக்கவே தெரியாது. மறுவாரமே பழைய சுவர் ஈப்போ போனது. புதுச் சுவருக்கு ஒவ்வொரு கல்லையும் அப்பாவே காதருகில் வைத்துத் தட்டிப் பொறுக்கினார். கொத்தனாரை அம்மா பூசவிடவில்லை. வருகிறவர்கள் கல்லைப் பார்க்க வேண்டுமாம்.

கடை திறந்ததும் மூவரும் போனோம். எங்கள் கோணல் சுவருக்கு விளக்குப் போட்டு, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தாளிப்புக் கறைகூட அப்படியே இருந்தது. அதைக் கண்டு அம்மா கூசிப்போனார், நான் சிரித்துவிட்டேன். சுவரில் அடித்திருந்த பலகையில் ஒரு கோப்பை மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஓடிவருவதற்குள் அம்மா ஓர் அட்டையை இரண்டாக மடித்து, பார்க்காமலேயே சரியான இடத்தில் செருகினார். கோப்பை நின்றது.

கடைக்காரர் வியந்து நன்றி சொன்னார். அம்மா அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தத் தம்பிக்கு மலாயில சொல்லு. எங்க வீட்டுல இதெல்லாம் தேவயில்லலா. எங்க சுவரு நேரா இருக்கு."