ஏழு கிலோமீட்டர் பாக்கி

பழைய கார்களுக்கு மீட்டர் போர்டு மாற்றுவது என் பிழைப்பு. வேகம், பெட்ரோல், சூடு, ஆயில் என்று நாலு முள்ளையும் ஒழுங்காக ஆடவைத்துவிட்டு, அந்த நாலையும்விட அதிகமாக நான் ஆடிக்கொண்டிருப்பேன்.

மிக்ஸி, கடிகாரம், தையல் மிஷின் என்று எதையாவது திறந்து மூடிப் பிழைக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திறக்கும்போது இருக்கிற தைரியம் மூடும்போது இருக்காது. பீன்யாவில் ஒரு மீட்டர் கம்பெனியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து புது மீட்டர் கோத்தவள் நான். அங்கே ஒன்று கெட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அடுத்ததை எடுக்கலாம். இப்போது இருப்பது காக்ஸ் டவுனில், பழைய கார் மட்டும் பார்க்கிற மன்சூர் பாயின் ஒர்க்‌ஷாப்பில். இங்கே அடுத்தது என்று ஒன்று கிடையாது. அப்படி ஒரு வாரம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஐந்து கட்டம்

ரிச்சர்ட்ஸ் டவுன் தேவசகாயம் சார் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர். அவருடைய அப்பா வாங்கிய பச்சைக் கார் ஒன்று வீட்டு ஷெட்டில் இருக்கிறது. மீட்டர் போர்டு விரிசல் விட்டு, முட்கள் எல்லாம் படுத்துவிட்டன. கிலோமீட்டர் எண் 99,993-இல் நின்றுவிட்டது. அந்தக் காலத்து மீட்டரில் எண்ணுக்கு ஐந்து கட்டம்தான். 99,999 தாண்டினால் ஐந்தும் ஒன்றாகச் சைபருக்கு உருளும். அதுதான் லட்சம்.

அந்த லட்சத்தை அவரும் மனைவி கிரேஸ் ஆன்ட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் போர்டு ஒன்று மன்சூர் பாயிடம் இருந்தது. அதைச் சரிசெய்து, பழைய எண்ணையே அதில் வைத்து, காரில் மாட்டித் தர வேண்டும். இவ்வளவுதான் வேலை. தலையாட்டிவிட்டேன். ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்த அவர் சேரிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஏழு கிலோமீட்டர் பாக்கிம்மா. ஒண்ணு முன்னே பின்னே ஆகக் கூடாது. எட்டுன்னாலும் வாங்கமாட்டேன், ஆறுன்னாலும் வாங்கமாட்டேன்" என்றார்.

தேய்ந்த நட்டு

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு ஷெட்டிலேயே பழைய மீட்டர் போர்டைக் கழற்றினேன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு செய்கிற வேலை. ஒவ்வொரு ஸ்க்ரூவும் துருப்பிடித்து, உயிரை வாங்கித்தான் கழன்றது. ஒரே ஒரு நட்டு மட்டும் விரல் பட்டதும் சுழன்று கையோடு வந்துவிட்டது. சக்கரத்திலிருந்து வருகிற கேபிளை மீட்டரோடு பிடித்துவைக்கும் நட்டு அது. ஓரத்தில் இருக்கவேண்டிய வரி வரியான பிடி, விரல் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது.

எனக்குப் பகீரென்றது. அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், கிலோமீட்டர் ஏறாது. இந்த நட்டை யாரோ பல வருஷம் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் 99,993 என்பதே பொய். பொய் எண்ணைப் புது மீட்டரில் ஏற்றச் சொல்கிறார், எட்டுன்னா வாங்கமாட்டேன் என்று சட்டம் வேறு பேசுகிறார். வண்டியை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறாரோ? நட்டை மன்சூர் பாயிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரே, இது டாக்ஸிக்காரங்க வேலை. நாளைக்கு ஏதாச்சும் வம்பு வந்தா ஓட்டினவன் பேரை யாரும் கேக்கமாட்டாங்க கலா, மீட்டரைத் தொட்டவ பேரைத்தான் கேப்பாங்க" என்றார்.

டிரில்லிங் மிஷின்

சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒத்துக்கொண்ட வேலையை முடிக்க வேண்டுமே. வியாழக்கிழமை எண்ணை 99,993-இல் வைத்து மூடினேன். முள் நடுங்குகிறதா என்று பார்க்க, கேபிளை டிரில்லிங் மிஷினில் கோத்துச் சுற்றுவது வழக்கம். மிஷினை லாக் பண்ணி, முள்ளை அறுபதில் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து தேவசகாயம் சாரின் போன். ஞாயிற்றுக்கிழமை எந்த ரோட்டில் போனால் ஏழு கிலோமீட்டர் சரியாக வரும் என்று ஒவ்வொரு தெருவாகச் சொன்னார். நானும் உம் கொட்டினேன். முள் அறுபதில் ஆடாமல் அசையாமல் நின்றதைப் பார்த்து எனக்குள் பெருமை வேறு.

பத்து நிமிடம் பேசினார். அறுபதில் பத்து நிமிடம் ஓடினால் எவ்வளவு தூரம் என்று அந்தக் கணக்கு வாத்தியாரையே கேட்டிருக்கலாம். எண்ணைப் பார்த்தேன்: 00003. லட்சம் வந்து, யாரும் பார்க்காமல், போயும் விட்டது. "நம்பர் அப்படியே இருக்குதானேம்மா?" என்று அவர் கேட்டார். "அப்படியே இருக்கு சார்" என்றேன். பயத்தில் வந்த பொய். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மிஷினைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன், எண்கள் கோணிக்கொண்டு நின்றன. மறுபடி பிரித்து ஒவ்வொரு வளையத்தையும் கையால் 99,993-க்குத் திருப்பி வைத்ததில், கடைசி வளையத்தின் பல் ஒன்று லேசாக மழுங்கிவிட்டது. இனி ஐந்தும் ஒன்றாக உருளுமா? சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். சுற்றினால் மறுபடி பிரிக்க வேண்டும், பிரித்தால் அந்தப் பல் இன்னும் மழுங்கும். மன்சூர் பாய் ஒரு டீயை என் பக்கம் தள்ளி, "இப்ப உன் மூஞ்சியைப் பாத்தா நீதான் லட்சம் கிலோமீட்டர் ஓடின மாதிரி இருக்கு கலா" என்றார்.

கேஜிஎஃப் ரோடு

சனிக்கிழமை மாட்டப் போனபோது சார் சர்ச்சில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். கிரேஸ் ஆன்ட்டி காபி கொண்டுவந்து ஷெட்டிலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேஜிஎஃப்பில் தங்கச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர், வெள்ளந்தியான பேச்சு. ஸ்க்ரூ மூன்று தடவை கைநழுவிக் கீழே விழுந்தது. நாலாவது தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிரில்லிங் மிஷின், 00003, மழுங்கிய பல், போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டுகிற வேகத்தில் அந்த நட்டைப் பற்றியும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

ஆன்ட்டி வாசலை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "நட்டா? அது நான்தாம்மா!" மாமனார் இருந்தவரை அந்த வீட்டில் பெண்கள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. காரும் அவர் ஓட்டினால்தான் வெளியே வரும். மாமனார் ரயிலேறி மைசூரில் மகள் வீட்டுக்குப் போகிற நாட்களில், சார் காலேஜுக்கு பஸ் ஏறியதும், ஆன்ட்டி கேபிளைக் கழற்றிவிட்டு காரை எடுத்துக்கொண்டு கேஜிஎஃப்புக்கு அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். சார் வருவதற்குள் வண்டி ஷெட்டில் நிற்கும். கார் ஓட்டவும் இந்த வித்தையையும் சொல்லிக்கொடுத்தது டாக்ஸி ஓட்டிய ஆன்ட்டியின் அண்ணன். அம்மா இறக்கும்வரை பல வருஷம் இப்படி நடந்திருக்கிறது. வண்டியை விற்கிற கதையெல்லாம் என் கற்பனைதான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு அழுவுற? லட்சம்லாம் என்னிக்கோ போச்சு. கேஜிஎஃப் ரோட்டுல நான் ஒண்டியாத் தாண்டினேன். அவருக்கு மட்டும் தெரிய வாணாம், மனசு ஒடிஞ்சிடுவாரு."

ஏழாவது கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். மீட்டர் மக்கர் செய்தால் பார்க்க நானும் வர வேண்டும் என்று சார் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அல்சூர் ஏரியைச் சுற்றி வரும்போது 99,998. திரும்புகிற வழியில் 99,999. கடைசி ஒன்பது மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. மற்ற நாலும் அதோடு பாதி ஏறி, அங்கேயே நின்றுவிட்டன. ஒன்பதும் இல்லை, சைபரும் இல்லை. மழுங்கின பல் தன் வேலையைக் காட்டிவிட்டது. முன்சீட்டில் இரண்டு பேரும் குனிந்து மீட்டரையே பார்த்தார்கள். அந்த நேரம் பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை ஹம்ப். சார் ரோட்டை எங்கே பார்த்தார்? வண்டி எகிறி விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் ஐந்தும் சொல்லிவைத்த மாதிரி உருண்டு சைபரில் உட்கார்ந்தன. ஆன்ட்டி சின்னப் பெண்ணாகக் கைதட்டினார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்சீட்டில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தினார். ஆன்ட்டி கேக் வாங்க இறங்கிப் போனார். அவர் உள்ளே போகிறவரை பார்த்திருந்துவிட்டு, சார் மீட்டர் போர்டில் பெட்ரோல் முள் இருக்கிற இடத்தை விரலால் தட்டினார். "லட்சத்தை அவ தனியா எப்பவோ தாண்டியிருப்பாம்மா. மீட்டர்லயாவது சேர்ந்து தாண்டணும்னு எனக்கு ஆசை" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "கேபிளைக் கழட்டிடுவா, சரி. ஆனா ஓட்டினதைவிட எப்பவும் கொஞ்சம் கூடவே பெட்ரோல் போட்டு வெச்சிடுவா. காலையில கால் டேங்க், சாயந்திரம் அரை டேங்க். ஷெட்ல நின்ன வண்டிக்குப் பெட்ரோல் எப்படிம்மா ஊறும்? அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வாரம் கண்ணை மூடாமல் கிடந்தது, மீட்டரைத் தொட்ட நான் ஒருத்திதான்.