அதே வேலைக்குத் திரும்பினாரா?

மூளையில் புற்றுநோய் யாருக்கு வருகிறது, வந்தவர்களில் யார் தேறுகிறார்கள் என்று கண்டியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் கேள்வித்தாள் நிரப்பும் வேலை எனக்கு. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடிப் பிடித்திருந்தார்கள். லயத்து வரிசை வீட்டில் பிறந்ததற்கு ஓர் உத்தியோகம் கிடைத்ததே என்று வீட்டில் ஒரே பெருமை. இப்போதும் புசல்லாவை பஸ்ஸைக் கண்டால் ஏறி ஜன்னலோரம் உட்காரத் தோன்றுகிறது. கேள்வித்தாள் மழையில் நனையாமல், ரொட்டிப் பொட்டலத்தோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு போன நாட்கள் அவை.

கேள்விகளை எழுதியவர்கள் தோட்டத்தை பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும். புல்லுக்கு மருந்து அடித்தவரா, தலையில் அடிபட்டதுண்டா, சொந்தத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் உண்டா என்று போகும். கடைசியில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதே வேலைக்குத் திரும்பினாரா? அதற்கு 'ஆம்' விழுந்தால் எங்கள் டொக்டரின் முகம் மலரும். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பில் கொஞ்சம் சிக்கனம்.

புசல்லாவைப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு உச்சந்தலையில் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்திருந்தார்கள். கிளினிக்குக்கு வந்தபோது அவரிடம் கேட்டேன்.

"போறேன் மிஸி. ரெண்டு மாசமா கொழுந்து பறிக்க மலைக்குத்தான் போறேன்."

"பாரம் ஏதும் தூக்குறீங்களா?"

"இல்ல மிஸி. வெறகுகூட மகதான் கொண்டாரா."

சந்தோஷமாக 'ஆம்' என்று எழுதினேன். டொக்டரும் சிரித்தார்.

அடுத்த மாதம் வேறொரு நோயாளியைப் பார்க்க அதே தோட்டத்துக்குப் போனேன். மலையில் அந்த அக்கா பறித்துக்கொண்டிருந்தார். கூடை முதுகில் தொங்கியது. அதன் கயிறு உச்சந்தலையில், தழும்பின் மேலேயே அழுந்திக் கிடந்தது.

கொழுந்துக் கூடையைத் தாங்குவது தலைதான். என் அம்மாவுக்குக் கயிறு படும் இடத்தில் முடியே இருக்காது. அந்தத் தலையில் எண்ணெய் தேய்த்து வளர்ந்தவள் நான். கேள்வி எழுதியவர்களைக் கிண்டலடித்த எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"பாரம் தூக்கலன்னீங்களே அக்கா?"

"கூடைய யாரு மிஸி பாரம்னு நெனப்பா? அடியில சீலைய மடிச்சுத்தான் வச்சிருக்கேன். வீட்டுக்குப் போனாதான் விண்ணுவிண்ணுன்னு வலிக்கும்."

மறுநாள் டொக்டரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"எலும்பு இன்னும் சரியாப் பொருந்தேல்லைப் பிள்ளை. அதுக்கு மேலயா கயிறு? நாங்கள் இதைக் கேக்கவே இல்லையே."

இனி கூடை மாட்டவே கூடாது, வேறு வேலை கொடுங்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவரே கடிதம் எழுதினார். நானே கொண்டுபோனேன். துரை வாசித்து முடித்துத் தலையாட்டும்வரை அவருடைய கந்தோர் அறையை விட்டு அசையவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்த அக்காவிடம் மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன்.

"இல்ல மிஸி. இப்ப நாத்து வளக்குற தவரணையில உக்காந்து பைக்கு மண்ணு போடுறேன். வலி விட்டிருச்சு."

அதே வேலைக்குத் திரும்பவில்லை. ஆராய்ச்சிக் கணக்கில் அவர் இனித் தேறாதவர்கள் பக்கம்தான் சேர்வார். தெரிந்துதான் 'இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.