சொல்லிவிட்டு விழுந்த அடி

கிடுக்கி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று குழந்தைகள் வார்டில் ஒருவருக்கும் நினைவில்லை. வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். ஊசி குத்தும்போது துள்ளுகிற பிள்ளையை அசையவிடாமல் பிடிப்பது அவள் வேலை. பதினாறு வருடமாகப் பிடிக்கிறாள். முன்கை இரண்டிலும் பல் படாத இடம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கடித்தவர்களில் இரண்டு பேர் இப்போது மீசை வைத்துக்கொண்டு வந்து, "ஆயாம்மா, சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள்.

அதற்கு முன்பு கிடங்கில் மூட்டை தூக்கினாள். அதற்கும் முன்பு பதினோரு வருடம் ஒருவனுக்குப் பெண்டாட்டியாக இருந்தாள். அந்தப் படுபாவியின் கை எப்போது நீளும் என்று சொல்லவே முடியாது. சோறு போடும்போது நீளும், தலை வாரும்போது நீளும், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நீளும். ஒரு பல் போயிற்று, விலா எலும்பு முறிந்தது, இடது காது பாதி மந்தமாயிற்று. அடியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அடுத்தது எந்தப் பக்கமிருந்து வரும் என்று விடிந்ததிலிருந்து உடம்பை இறுக்கி வைத்துக்கொண்டு திரிந்ததுதான் அவளைப் பாதி கொன்றது. ஒருநாள் ஓங்கிய கையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதனால் பிள்ளைகளிடம் அவளுக்கு இரண்டே சட்டம். வலி வருவதற்கு முன்னால் "இப்ப வருது" என்று சொல்லிவிடுவாள். "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று தேன் தடவிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொன்று, பிள்ளை அவளை அடிக்கலாம். ஊசிக்கு முன்னால் மூன்று, முடிந்த பிறகு மூன்று. நடுவில் மட்டும் கல் மாதிரி கிடக்க வேண்டும். பெரிய டாக்டர் இதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தார். கிடுக்கி பிடித்த பிள்ளைக்கு இரண்டாம் முறை குத்த வேண்டி வருவதில்லை என்று கண்டதும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தவள் ஐந்து வயதுக்காரி. ஆள் சின்னது, காரம் பெரிது. மிளகு என்றுதான் வார்டில் கூப்பிட்டார்கள். ரத்தத்தில் வந்த நோய் மூளைப் பக்கம் ஏறிவிட்டதா என்று பார்க்க, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும். போன இரண்டு வெள்ளிக்கிழமையும் கிடுக்கி காய்ச்சலில் கிடந்தாள். வேறு இரண்டு பேர் பிள்ளையை அமுக்கிப் பிடித்தார்கள். அவள் துள்ளியதில் ஊசி தடம் மாறி, நீரில் ரத்தம் கலந்து, இரண்டு முறையும் வீணாகிவிட்டது.

"ஆயாம்மா, இன்னிக்குத் தெளிஞ்ச தண்ணியா வந்தே ஆகணும்," என்றாள் சின்ன டாக்டர். "நோய் எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியாம எந்த மருந்தைக் குடுக்கிறது? இனிமே தள்ளிப்போட முடியாது. தள்ளினா பிள்ளை கையை விட்டுப் போயிடும்."

கிடுக்கி பிள்ளையைப் பச்சைத் துணி விரித்த கட்டிலில் உட்காரவைத்து, எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல முதுகுல சில்லுன்னு மருந்து தடவுவாங்க. அப்புறம் எறும்பு கடிச்ச மாதிரி ஒரு ஊசி. அப்புறம் யாரோ கட்டை விரலால உள்ளே அமுக்குற மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நான் சொல்லிடுவேன்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"எல்லாரும் வலிக்காதுன்னு சொன்னாங்க."

"அவங்க முதுகா அது? சரி, உன் மூணு அடியை அடிச்சுக்கோ."

மிளகு நம்பாமல் பார்த்தாள். பிறகு தோளில் ஒன்று வைத்தாள். இரண்டாவது கன்னத்தில். மூன்றாவதைக் கையை மூடிக்கொண்டு வாயிலேயே இறக்கினாள். கிடுக்கியின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "பரவாயில்லையே," என்று அவள் துடைத்துக்கொண்டாள். மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பன் உள்ளே வந்தார். லாரி ஓட்டுகிறவர், மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காதவர், வெளியே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். பயம் தலைக்கேறினால் சில ஆண்களுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அவருக்கும் அப்படித்தான் வந்தது.

"பெரியவங்க மேலயே கை வைக்கிறியா நீ?" என்று பின்னாலிருந்து ஓங்கி அறைந்தார். பிள்ளை கட்டிலிலிருந்து தரையில் விழுந்தாள். எஃகுத் தட்டு உருண்டு கத்தரியும் கிண்ணமும் சிதறின.

கிடுக்கி யோசிக்கவில்லை, அவள் கை யோசித்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் திருகி, முகத்தைச் சுவரோடு மோதினாள். "இன்னொரு தடவை பட்டுச்சு, இந்தக் கை உனக்கு இருக்காது," என்றாள். அவர் மூக்கிலிருந்து ரத்தம் சுவரில் வழிந்தது. அவள் இன்னும் கொஞ்சம் திருகினாள். வெளியே சொல்ல வெட்கம்தான், ஆனாலும் அவளுக்கு அது இனித்தது. பழைய கணக்கை எவன் கையிலோ தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவ விடு!"

கெண்டைக்காலில் பல் இறங்கியது. குனிந்து பார்த்தாள். மிளகு கடித்துக்கொண்டிருந்தாள். கிடுக்கி கையை விட்டதும் பிள்ளை ஊர்ந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். உடம்பை இறுக்கிக்கொண்டு அங்கிருந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை கிடுக்கிக்குத் தெரியும். பதினோரு வருடம் அவள் பார்த்த பார்வைதான்.

நர்ஸ் அப்பனை வெளியே கூட்டிப்போனாள். சின்ன டாக்டர் வேறு தட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். "நாலு பேரைக் கூப்பிடுறேன். அமுக்கிப் பிடிச்சு முடிச்சுடலாம்."

"துள்ளுவா. மறுபடியும் ரத்தம்தான் வரும். அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா."

கிடுக்கி தரையில் படுத்தாள், கட்டிலுக்குக் கை எட்டாத தூரத்தில். கன்னத்தில் தரை சில்லிட்டது.

"உங்கப்பாவ நான் சொல்லாம அடிச்சுட்டேன். தப்பு."

"அப்பாவும் சொல்லல," என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"ஆமா. சொல்லல."

"என்னை யாரும் பிடிக்கக் கூடாது."

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கிடுக்கிக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டருக்கே தெரியாது. "சரி," என்றாள்.

"நீ சொல்லு. அது போதும்," என்றாள் மிளகு.

டாக்டர் தலையை ஆட்டி மறுத்தாள். "அசைஞ்சா யாரு பொறுப்பு?"

"அசையமாட்டா," என்றாள் கிடுக்கி. எந்தப் பிள்ளைக்காகவும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

மிளகு தானாகவே ஏறி, ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டாள். கிடுக்கி அவள் முகத்துக்கு நேரே நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டாள்.

"சில்லுன்னு, இப்ப வருது."

"எறும்பு, இப்ப வருது."

பிள்ளையின் கால் விரல்கள் மடங்கின. பல் நறநறவென்று அரைபட்டது.

"அமுக்குறது. இப்ப வருது மிளகு."

தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. உடம்பு மட்டும் அசையவில்லை. பின்னால் பூட்டிய கைகளின் நகங்கள் கிடுக்கியின் உள்ளங்கையிலேயே பதிந்தன. குழாயில் முதல் சொட்டு விழுந்தது, பிறகு இரண்டாவது.

"தெளிஞ்ச தண்ணி," என்றாள் டாக்டர் மெல்ல. "நல்லா தெளிஞ்சு வருது."

முடிந்ததும் பிள்ளையை எழுந்திருக்க விடவில்லை. படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். படுத்தபடியே, "ஆயாம்மா, குனி," என்றாள். கிடுக்கி குனிந்தாள். "இப்ப வருது," என்று சொல்லித் தோளில் இரண்டு அடித்தாள். மூன்றாவதுக்குக் கொஞ்சம் நிறுத்தினாள். "இது அப்பா கைக்கு. இப்ப வருது." அது கன்னத்தில் விழுந்தது. சுரீரென்று வலித்தது. கிடுக்கி வாங்கிக்கொண்டாள்.

வாசலில் அப்பன் மூக்கில் பஞ்சும் மணிக்கட்டில் கட்டுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, வா. நீயும் குனி."

ஆறடி மனிதர் வந்து குனிந்தார். கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"கண்ணைத் தொற. நீ சொல்லாம அடிச்ச. நான் சொல்லிட்டுத்தான் அடிப்பேன்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"இப்ப வருது," என்று சொல்லி மிளகு அறைந்தாள்.

அவர் நிமிரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, குனிந்தபடியே நின்றார்.

"இன்னும் ரெண்டு இருக்கு பாப்பா," என்றார்.