இரண்டு ஸ்கிரீன், மூன்று மிருகங்கள்

தியேட்டரில் சீட் காட்டும் வேலை என்றால் தினமும் ஓசியில் படம் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். டார்ச்சும் கையுமாக நின்றவர்களுக்குத்தான் தெரியும், நாம் பார்ப்பது படம் பார்க்க வந்தவர்களை மட்டும்தான்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தியேட்டரில் ஆறு வருஷம் இருந்தேன். ஒரு கோடை லீவில் இரண்டு ஸ்கிரீனிலும் வேற்றுக்கிரக மிருகப் படம். ஒன்றாவதில், விண்கலத்துக்குள் ஏதோ புகுந்துவிடும். இடைவேளை தாண்டியும் அதைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். இரண்டாவதில், டைட்டில் முடிந்ததுமே இரண்டு மிருகங்கள் ஊரை இடித்துக்கொண்டு சண்டை போடும். எனக்கு வந்த வம்பெல்லாம் இந்த வித்தியாசத்தால்தான்.

போஸ்டரில் பல்

பம்மலிலிருந்து ஓர் ஆட்டோ டிரைவர் குடும்பத்தோடு ஒன்றாவது ஸ்கிரீனுக்கு வந்தார். இடைவேளையில் நேராக என்னிடம் வந்து, "இன்னாக்கா, ஒரு மணி நேரமா கதவையும் குழாயையும் காட்டிகினு கீறான்?" என்றார். மேனேஜரிடம் அழைத்துப் போனேன். "காட்டாம இருக்கறதுதான் சார் சஸ்பென்ஸ்" என்று அவர் பணிவாக விளக்கினார். டிரைவர் சுவரைக் கை காட்டினார்.

"போஸ்டர்ல மட்டும் இம்மாம் பெரிய பல்லு போட்டுகீறீங்களே, அந்தப் பல்லையாவது காட்டச் சொல்லு சார்!"

சத்தம் நின்றபோது

ஒன்றாவது ஸ்கிரீனில் ஒரு மதியக் காட்சிக்கு இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் பின்வரிசை முழுக்க உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்தே கிண்டல். கதாநாயகி இருட்டு வழியில் தனியாக நடக்கும்போது சவுண்ட் போய்விட்டது. வழக்கமாக விசில் கூரையைப் பிய்க்கும். ஆபரேட்டரைக் கூப்பிட ஓடியவள் கதவருகே நின்றுவிட்டேன். ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை. ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது. திரையில் அவள் மெல்லத் திரும்பிப் பார்க்கிறாள். பின்வரிசையில் ஒருவன் பக்கத்து சீட்காரன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆபரேட்டர் வியர்த்து வழிய ஒயரை மாற்றினார். மியூசிக் முழங்கியதும் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். படம் விட்டதும் அந்தப் பையன் என்னிடம் வந்தான்.

"அக்கா, மியூசிக் வந்ததும் பயமே போயிடுச்சு. அடுத்த ஷோவுக்கும் அந்த ஒயரைப் பிடுங்கி விடச் சொல்லுங்க."

எழுந்திருக்காத சார்

தாம்பரத்திலிருந்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். அன்று இரண்டாவது ஸ்கிரீன். எல்லோரும் போன பிறகும் தலை சாய்ந்தபடி இருந்தார். தொட்டால் கை ஜில்லென்றிருந்தது. மூன்று தரம் உலுக்கினேன். நாலாவது தரம் கண்ணைத் திறந்து கண்ணாடியைத் தேடினார்.

"போன வாரம் பக்கத்து ஸ்கிரீன்ல ஒரு கதவு கிறீச்சுன்னதுக்கே மூணு நாள் தூக்கம் இல்லம்மா, இங்க ஊரையே இடிக்கிறான், நிம்மதியா தூங்கினேன்."

காணாமல் போன பெண்

நாவலூர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா தன் எட்டு வயது மகளோடு வந்தார். சண்டைப் படம் ஹவுஸ்ஃபுல் என்பதால் ஒன்றாவது ஸ்கிரீனில் உட்கார்ந்தார்கள். பாதியில் அவர் வெளியே ஓடி வந்தார். "பாத்ரூம் போறேன்னு சொன்னா மேடம், பத்து நிமிஷம் ஆச்சு, அங்க இல்ல!"

பாத்ரூம், கேன்டீன், மாடிப்படி எல்லாம் பார்த்தாயிற்று. யாரும் வெளியே போகவில்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார். ஆனாலும் கேட்டைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு, பஸ் போகிற வேகத்தை நினைத்து கேட் வரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்.

லாபியில் சண்டைப் பட மிருகத்தின் பன்னிரண்டு அடி கட்அவுட் நின்றது. அதன் காலுக்குப் பின்னால் ஒரு சின்னச் செருப்பு தெரிந்தது. எட்டிப் பார்த்தால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மிருகத்தின் கால்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவளை வாரி அணைத்து, அழுது, முதுகில் ஒன்று வைத்து, "இவ்ளோ பெரிய ராட்சசன்கிட்ட வந்து உக்காந்திருக்கியே, பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இது எங்க இருக்குன்னு தெரியுதும்மா, உள்ள இருக்கறது எங்க இருக்குன்னே தெரியல."

சண்டைப் படம் ஓடும் பக்கத்து பாத்ரூமில் வரிசை நிற்கும், காட்டாத மிருகப் படம் ஓடும் பக்கத்தில் ஈ காக்கா இருக்காது. எனக்குத் தெரிந்த சினிமா விமர்சனம் அவ்வளவுதான்.